பேட்டரி, ஆல்டர்னேட்டர் நட்டுகளை இறுக்கும்போது நடக்கும் தவறுகள்

சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம் மட்டும் வருகிறது என்றால், புது பேட்டரி வாங்கக் கிளம்பும் முன் டெர்மினலை, அதாவது பேட்டரி முனையைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பை, கையால் திருகிப் பாருங்கள். துளிகூட அசையக் கூடாது. ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுக்கும் நேரத்தில் அந்த இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1.5 வோல்ட் அங்கேயே போய்விடும்.

அதற்காகப் பலம் கொண்ட மட்டும் முறுக்குவது அடுத்த தவறு. பேட்டரியின் முனை ஈயம், ஈயம் நசுங்கும். பெரும்பாலான கார்களில் டெர்மினல் நட்டுக்கு 10 எம்எம் ஸ்பேனர்தான். 5, 6 நியூட்டன் மீட்டர் போதும், அதாவது குட்டை ஸ்பேனரில் மணிக்கட்டு விசை. கிளாம்ப்பின் இரண்டு காதும் ஒட்டிய பிறகும் அது சுழன்றால், இன்னும் இறுக்கிப் பயனில்லை. கிளாம்ப் விரிந்திருக்கும், அல்லது மெல்லிய முனைக்குப் பெரிய கிளாம்ப் வந்திருக்கும். இடையில் ஒயர் துண்டைச் செருகாமல் கிளாம்பையே மாற்றுங்கள். உள்ளே இறங்கவில்லை என்று சுத்தியலால் தட்டவே தட்டாதீர்கள். முனையின் அடிப்பகுதி விரிசல் விட்டு ஆசிட் கசியும். வாசலின் தடவுவது இறுக்கிய பிறகு, மேலே மட்டும்.

கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ். நெகட்டிவ் மாட்டியிருக்கும்போது பாசிட்டிவ் நட்டில் வைத்த ஸ்பேனர் பாடியில் பட்டால் நேரடி ஷார்ட். மோதிரமோ வாட்ச்சோ இடையில் சிக்கினால் தோல் வெந்துவிடும். எஞ்சின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் பின்னால், பேட்டரி பாசிட்டிவுக்குப் போகும் ஒயரைப் பிடித்திருக்கும் பி பிளஸ் (B+) நட்டுக்கும் இதே விதிதான், ஏனென்றால் எஞ்சின் நின்றிருந்தாலும் அதில் பேட்டரி மின்சாரம் இருக்கும். அந்த நட்டு லூசாக இருந்தால் ஒயர் முனை சூடாகிக் கருகும். ஓவர் டைட் செய்தால் நட்டு ஏறும் மரைக்கம்பியான ஸ்டட்டே சேர்ந்து சுழன்று உள்ளே டயோடு இணைப்பை உடைக்கும். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். முறுக்கியதும் ரப்பர் மூடியைத் திரும்பப் போடுங்கள்.

பெல்ட்டைக் கையால் அட்ஜஸ்ட் செய்யும் வண்டிகளில், ஆல்டர்னேட்டர் அசைந்து திரும்பும் அச்சான பிவட் போல்ட்டை முழுசாக இறுக்கிவிட்டு ஆல்டர்னேட்டரைக் கடப்பாறையால் நெம்புவார்கள். அலுமினிய உடல் அதில் விரிசல் விடும். பிவட் போல்ட், பெல்ட்டின் இறுக்கத்தைப் பிடித்துவைக்கும் அட்ஜஸ்டர் போல்ட் இரண்டையும் தளர்த்தி, பெல்ட்டை இழுத்துவைத்து, முதலில் அட்ஜஸ்டர், பிறகு பிவட் என்று இறுக்க வேண்டும். அலுமினியத்தில் போல்ட்டை முதல் நாலைந்து சுற்று விரலாலேயே ஏற்றுங்கள். கோணலாக ஏறினால் மரை போய்விடும்.

கடைசியாக எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பி பிளஸ் ஸ்டட்டிலும் மற்றதை பேட்டரி பாசிட்டிவ் முனையிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இடையில் ஏதோ ஒரு இணைப்பு சரியில்லை. எஞ்சினை நிறுத்தி, நெகட்டிவைக் கழற்றி, ஒயர் முனையை உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டுங்கள்.