படகுச் சீட்டில் கறுப்புப் புள்ளியா? தேய்க்கும் முன் அமுக்கிப் பாருங்கள்

மாமாவின் பைபர் போட்டில் ஆறு சீட். மட்டக்களப்பில் பாலமீன்மடுப் பக்கம் ஆட்களை ஏற்றி வாவியைச் சுற்றிக்காட்டும் போட் அது. மாரி முழுக்கத் தறப்பாளுக்குக் கீழே கிடந்தது. தை பிறந்து திறந்து பார்த்தால், வெள்ளைச் சீட்டெல்லாம் எள்ளுத் தூவினமாதிரிப் பூஞ்சணம். "மனே, நீதானே யூடியூப் பார்த்து எல்லாம் செய்யிறவன்" என்று மாமா என் தலையில் கட்டிவிட்டார்.

மூன்று தரம் கழுவினேன். மூன்று தரமும் பளிச்சென்று வந்தது. பத்து நாளில் அதே இடத்தில் அதே புள்ளி. நான்காம் தரம்தான் விஷயம் பிடிபட்டது, ஆகவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் முழங்கால்

வெளியே நன்றாகக் காய்ந்த சீட்டில் முழங்காலை ஊன்றி அமுக்குங்கள். தையல் ஓரத்தில் ஈரம் கசிகிறதா? ஊறின சாக்கு நாற்றம் வருகிறதா? வந்தால் மேலே என்ன போட்டுத் தேய்த்தாலும் வீண். சீட்டின் மேலுறையான வைனில் (கடையில் றெக்சின் என்று கேளுங்கள், அப்போதுதான் விளங்கும்) தண்ணீர் விடாது. ஆனால் தையல் ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் விடும். உள்ளே போனதை ஸ்பொஞ்ச் குடித்து வைத்துக்கொள்ளும். பூஞ்சணத்துக்கு அதைவிடச் சுகமான வீடு வேறில்லை.

சீட்டைக் கழற்றித் திருப்புங்கள். அடியில் பிளைவுட், அதன்மேல் றெக்சினை மடித்து ஸ்டேப்பிள் அடித்திருப்பார்கள். தட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, குறட்டால் இழுக்க வேண்டும். எங்கள் சீட்டில் பாதி ஸ்டேப்பிள் துருவேறித் தலை மட்டும் கையோடு வந்தது. கால் உள்ளேயே நின்றுவிட்டது. அவற்றை விட்டுவிடாதீர்கள். பிறகு றெக்சினைக் குத்திக் கிழிக்கும். ஒரு சீட்டுக்கு ஒரு பின்னேரம் சரி.

நான் தூக்கின முதல் ஸ்பொஞ்ச் நனைந்த மெத்தைபோலக் கனத்தது. நிமிர்த்தி வைத்ததும் தேயிலைச் சாயம்போலத் தண்ணீர் வடியத் தொடங்கி, அரை மணித்தியாலமாகியும் நிற்கவில்லை. மூன்று தரம் நான் கழுவினதெல்லாம் இதற்கு மேலேதான்.

வெள்ளை வினாகிரியும் தண்ணீரும் சம அளவு கலந்து ஸ்பொஞ்சை ஊறவைத்து, பிழிந்து, நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காற்றுப்பட நிமிர்த்தி வையுங்கள். வறண்ட கச்சான் காற்றுக் காலமென்றால் சீக்கிரம் காயும். தை மாதத்தில் எங்களுக்கு ஐந்து நாள் போனது. விரலால் நுள்ளினால் உதிரும் ஸ்பொஞ்சைக் காயவைத்து மினக்கெட வேண்டாம், புதிது வாங்குங்கள்.

இனிக் கறை

பூஞ்சணத்துக்கும் அதே வினாகிரித் தண்ணீர்தான். தெளித்து, கால் மணித்தியாலம் விட்டு, மென்மையான பிரஷால் தேய்த்துக் கழுவித் துடையுங்கள். பிளீச் போட்டால் உடனே வெளுக்கும்தான். ஆனால் தையல் நூலையும் றெக்சினையும் மெல்ல மெல்லத் தின்னும். வினாகிரியோடு பிளீச்சை ஒருபோதும் கலக்க வேண்டாம், குளோரின் வாயு வரும். அது நஞ்சு.

வெற்றிலைக் கறைக்கு அப்பச்சோடா எடுக்காதீர்கள். வெற்றிலையைச் சிவக்க வைப்பதே சுண்ணாம்பின் காரம். அதற்குப் புளிப்பு வேண்டும்: தேசிக்காய்ச் சாற்றை ஒற்றி, பிறகு சவர்க்காரத் தண்ணீர். பேனை மைக்கு, பாமசியில் விற்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து ஒற்றியெடுங்கள். தேய்த்தால் பரவும். எதையும் முதலில் சீட்டின் அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் போட்டுப் பாருங்கள்.

தின்னர் மட்டும் வேண்டாம். பைபருக்குப் பூசும் ரெசின் ஒரு துளி பட்டதைத் துடைக்கப் போய், றெக்சினின் மினுக்கமும் துணியோடு வந்துவிட்டது. அந்த உள்ளங்கை அளவு இடம் இன்றைக்கும் பிசுபிசுத்து ஊத்தையைப் பிடித்து வைத்திருக்கிறது.

கிழிசல்

தையல் மட்டும் விட்டிருந்தால் அதிர்ஷ்டம். வளைந்த ஊசியும் பொலியெஸ்டர் நூலும் எடுத்து, பழைய ஓட்டைகளிலேயே தையுங்கள். புது ஓட்டை போட்டால் அந்த ஓரம் முத்திரை கிழிக்கிறமாதிரிக் கிழியும். பருத்தி நூல் உக்கிவிடும்.

றெக்சினே கிழிந்திருந்தால், கிழிசலைவிட எல்லாப் பக்கமும் இரண்டு சென்றிமீற்றர் பெரிதாக ஒரு ஒட்டு வெட்டி, மூலைகளை வட்டமாக்கி, கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளிப் பரப்புங்கள். (முச்சக்கரவண்டிக்குக் குஷன் அடிக்கிற கடையில் துண்டு சும்மாவே தருவார்கள்.) பசை பூசி, இரண்டு ஓரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் முட்டவைத்து, ஒரு இரவு பாரம் வையுங்கள். பசை காய்ந்தபிறகும் வளைய வேண்டும், வைனிலுக்கென்றே விற்பதை வாங்குங்கள். நான் முதலில் சுப்பர் குளூ போட்டேன். கண்ணாடிமாதிரி இறுகி, முதல் ஆள் இருந்ததும் சடக்.

திரும்பப் பூட்டும்போது

பிளைவுட்டில் நாலைந்து ஓட்டை போட்டு, ஓட்டையின் உள்வாயிலும் வார்னிஷ் பூசுங்கள். தண்ணீர் உள்ளே போவதைத் தடுக்க முடியாது, வடிய வழியாவது இருக்கட்டும். ஸ்பொஞ்சுக்கு மெல்லிய பொலித்தீன் போடுவதானால் மேல்பக்கமும் சுற்றுப்பக்கமும் மட்டும், அடி திறந்திருக்க வேண்டும். றெக்சினை அரை மணித்தியாலம் வெயிலில் போட்டால் இளகி இழுபடும். நாலு பக்கமும் நடுவில் முதல் ஸ்டேப்பிள், பிறகு எதிரெதிராக, மூலை கடைசி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்டேப்பிள்தான். உப்புத் தண்ணீரில் சாதாரணமானது எப்படிப் போகும் என்று மேலேயே சொன்னேன். பிளைவுட்டின் கனத்தைவிடக் கட்டையானதாகப் பார்த்து வாங்குங்கள்.

பின்சேர்க்கை: வாழைச்சேனையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார், இளஞ்சிவப்புக் கறை எதற்கும் போகவில்லையாம். போகாது, தம்பி. அது மேலே பட்ட கறை இல்லை. உள்ளே ஈரத்தில் வளரும் நுண்ணுயிர்கள் விடும் சாயம், றெக்சினுக்குள் ஊறி மேலே வருகிறது. வெயிலில் கொஞ்சம் மங்கலாம், அவ்வளவுதான். ஸ்பொஞ்சைச் சரிசெய்து, புது உறை அடியுங்கள்.

எங்கள் போட்டில் ஐந்து சீட் முடிந்தது. ஆறாவது மாமா இருந்து எஞ்சின் பிடிக்கிற சீட். கழற்ற வேண்டுமென்றால் அவர் எழும்ப வேண்டுமே.