பெலெம் நகருக்குப் போய்ச் சாப்பிடுவது எப்படி?

பிரேசிலின் வடக்கில், அமேசான் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டியிருக்கும் பெலெம், பரா மாநிலத்தின் தலைநகரம். பிரேசில் உணவை அறிய விரும்புவோர் ரியோவைவிட இங்கேதான் முதலில் வர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முதல் வேலை தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பயணத்துக்குக் குறைந்தது 10 நாள் முன்பே போட்டுக்கொண்டு, சான்றிதழைக் கையோடு வைத்திருங்கள். அது இல்லாமல் பிரேசிலிலிருந்து இந்தியா திரும்பினால் 6 நாள் வரை தனிமைப்படுத்தப்பட நேரிடலாம். அடுத்து, சாவோ பாவ்லோவில் விமானம் மாறுங்கள். அங்கிருந்து பெலெமுக்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம்.

காலையில் ஆற்றங்கரையிலுள்ள வேர்-ஓ-பெசோ சந்தைக்குச் சென்று, மதியம் அங்குள்ள கடைகளிலேயே அசாயி (ஒருவகைப் பனைப் பழம்) கேளுங்கள். வெளிநாடுகளில் பழத்துண்டுகளோடு இனிப்பாக விற்கப்படும் அசாயி இங்கே சர்க்கரையின்றி, கெட்டியான கருஊதாக் கூழாக, பொரித்த மீனுடனும் மொறுமொறுப்பான மரவள்ளி மாவுடனும் வரும். மீனை ஒரு வாய், மாவு தூவிய கூழை ஒரு வாய் என மாற்றி மாற்றிச் சாப்பிட வேண்டும்.

மாலையில், பெரும்பாலும் மழை பெய்து ஓய்ந்த பிறகு, தெருமுனைகளில் பெண்கள் விற்கும் தக்கக்கா என்னும் மரவள்ளிக் குழம்பைத் தேடுங்கள். நம்மூர் மரவள்ளிக்கும் பூர்வீகம் தென்னமெரிக்காதான். ஆனால் இங்கே கசப்பு வகையைத் துருவிப் பிழிந்து, சாற்றிலுள்ள சயனைடு நஞ்சு நீங்கும்வரை நெடுநேரம் கொதிக்கவைத்து, துகுப்பி என்ற புளிப்பான மஞ்சள் குழம்பாக்குகிறார்கள். அதில் மரவள்ளிக் கஞ்சி, உலர்ந்த இறால், ஜம்பு கீரை ஆகியவற்றைச் சேர்த்து, குயா என்னும் கருப்புக் குடுவையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றித் தருவார்கள். கரண்டி கிடையாது, கீரையையும் இறாலையும் குச்சியால் எடுத்துக்கொண்டு, குழம்பை நேராக உறிஞ்ச வேண்டும். சற்று நேரத்தில் நாக்கும் உதடும் மரத்துப்போய்ச் சுறுசுறுவென்று இருக்கும். அது ஜம்புவின் இயல்பு, அஞ்ச வேண்டாம்.

மரவள்ளி இலையை ஏறக்குறைய ஒரு வாரம் வேகவைத்துச் செய்யும் மனிசோபாவில் பன்றி இறைச்சி சேரும். இறைச்சி உண்ணாதவர்கள் "செம் கார்னி" (இறைச்சி இல்லாமல்) என்று கேட்டுக்கொள்ளலாம். எனினும் அவர்களுக்கு எடைக்கு விற்கும் உணவகங்களே எளிது, ஏனெனில் வேண்டியதை நாமே தட்டில் எடுத்துவைத்து, எடைபோட்டுப் பணம் கொடுத்தால் போதும்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறன்று நடக்கும் சீரியோ என்னும் மாதா ஊர்வலத் திருவிழாவுக்குச் செல்வதானால், அறையைப் பல மாதங்கள் முன்பே பதிவுசெய்யுங்கள்.