ஆர்பிட்டால்கள் இணைவது எப்படி: ஹைட்ரஜனிலிருந்து ஆக்சிஜன் வரை

சென்னையில் பதினொன்றாம் வகுப்பு மாணவர்களுக்கு இப்பாடத்தை நடத்தும்போது, ஆர்பிட்டால் (அணுவில் எலக்ட்ரான் இருக்க வாய்ப்பு மிகுந்த பகுதி) படத்திலுள்ள கூட்டல், கழித்தல் குறிகளை மின்சுமை என எண்ணிக்கொள்வோரையே அதிகம் காண்கிறேன். அவை எலக்ட்ரானை அலையாக விவரிக்கும் அலைச்சார்பின் குறிகள் மட்டுமே. மெரினாவில் கரையேறித் திரும்பும் நீர், எதிரே வரும் அலையைச் சந்திக்கும் இடத்தை உற்றுப் பாருங்கள். முகடும் முகடும் சேருமிடத்தில் நீர் ஒரு கணம் எழும்பி நிற்கும், முகடும் பள்ளமும் சேருமிடத்தில் தணிந்துவிடும். ஆர்பிட்டால்கள் இணைவதும் இப்படித்தான்.

முதல் படி: இரண்டு ஹைட்ரஜன் அணுக்களின் உருண்டை வடிவ 1எஸ் ஆர்பிட்டால்களை அருகருகே வரையுங்கள். அவை ஒரே குறியுடன் மேற்பொருந்தினால், இரு அணுக்கருக்களுக்கும் நடுவே எலக்ட்ரான் அடர்த்தி கூடி, ஆற்றல் குறைந்த பிணைப்பு ஆர்பிட்டால் உருவாகும். எதிரெதிர்க் குறியுடன் சேர்ந்தால், நடுவே அடர்த்தி சுழியாகி, ஆற்றல் மிகுந்த எதிர்பிணைப்பு ஆர்பிட்டால் உருவாகும். இரண்டு சேர்ந்தால் இரண்டுதான் கிடைக்கும்.

இரண்டாம் படி: எலக்ட்ரான்களைக் கீழ்மட்டத்திலிருந்து நிரப்பி, பிணைப்பு எலக்ட்ரான்களிலிருந்து எதிர்பிணைப்பு எலக்ட்ரான்களைக் கழித்துப் பாதியாக்குங்கள், அதுவே பிணைப்புத்தரம், அதாவது அணுக்களுக்கிடையே எத்தனை பிணைப்பு என்பது. ஹைட்ரஜனுக்கு 1. இரண்டு ஹீலியம் அணுக்களுக்கோ நான்கு எலக்ட்ரான்கள், பிணைப்பில் இரண்டும் எதிர்பிணைப்பில் இரண்டும் அமர்வதால் விடை 0. ஹீலியம் தனி அணுவாகவே இருப்பதன் காரணம் இதுதான்.

மூன்றாம் படி: இருபுறமும் மடல் கொண்ட பி ஆர்பிட்டால்கள் நேருக்கு நேர் சேர்ந்தால் சிக்மா வகை, பக்கவாட்டில் சேர்ந்தால் பை வகை.

நான்காம் படி ஆக்சிஜன். இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். இரு அணுக்களின் வெளிக்கூட்டிலுள்ள இணைதிறன் எலக்ட்ரான்கள் 12. 2எஸ் மட்டங்கள் இரண்டிலும் நான்கு, சிக்மா 2பி-யில் இரண்டு, பை பிணைப்பு இரண்டிலும் நான்கு என வைத்தபின் இரண்டு எஞ்சும். அவை சம ஆற்றலுள்ள இரு பை எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்களில், ஹுண்ட் விதிப்படி, தனித்தனியாக அமரும். பிணைப்புத்தரம் 8 கழித்தல் 4, அதில் பாதி, 2. எலக்ட்ரான்களைப் புள்ளிகளாக வைத்து வரையும் லூயிஸ் படமும் இரட்டைப் பிணைப்பையே தரும். ஆனால் அதில் எல்லா எலக்ட்ரான்களும் இணையாகிவிடுவதால், வெளிர்நீலத் திரவ ஆக்சிஜன் காந்தத்தின் இரு முனைகளுக்கிடையே ஒட்டி நிற்பதை அது விளக்காது. இணையாத அந்த இரண்டு எலக்ட்ரான்களே விளக்குகின்றன.

இப்போது எதிர்பிணைப்பு எலக்ட்ரான் ஒன்றை நீக்கிக் கணக்கிடுங்கள். பிணைப்புத்தரம் 2.5 ஆகும், பிணைப்பு நீளமும் 121 பிக்கோமீட்டரிலிருந்து 112-ஆகச் சுருங்கும்.