பிஸ்கட் டின்னில் ஒரு மலை வாத்தியம்: அப்பலாச்சிய இசையைக் கேட்கவும் கட்டவும்

முதல் முறை கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருபது, முப்பது நொடியில் முடிந்துவிடும் மெட்டை மூன்று நிமிடம் போட்டு அரைத்துக்கொண்டிருந்தார்கள். தனி ஆவர்த்தனம் இல்லை, சங்கதி இல்லை, பாட்டும் இல்லை. பின்னணியில் பழைய இசைத்தட்டின் கரகரப்பு, பக்கத்து வீட்டில் அப்பளம் பொரிப்பது போல. அணைத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அதே மெட்டு வாயில் ஓடிக்கொண்டிருந்தது.

என்னைப் போலவே முதல் நாளில் அணைத்துவிடக்கூடியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாதி கேட்பது, பாதி கையால் செய்வது. கேட்டு மட்டும் பிடிபடாத பல விஷயங்கள், ஒரு பிஸ்கட் டின்னில் தந்தி கட்டிய பிறகுதான் எனக்குப் பிடிபட்டன.

படி 1: எதைக் கேட்கிறோம்?

அமெரிக்காவின் கிழக்குப் பக்கம் நீண்டு கிடக்கும் அப்பலாச்சிய மலைத்தொடர், அதிலும் வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, டென்னசி, வட கரோலினா பகுதிகள்தான் இந்த இசையின் ஊர். அங்கே இதை 'ஓல்ட் டைம்' என்கிறார்கள். பிடில், பாஞ்சோ, கிடார் மூன்றும் அடிப்படை. (நம் ஊரில் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் புல்புல்தாராவையும் பாஞ்சோ என்பதுண்டு. அது வேறு.)

பிடில் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்துக் குடியேறிகளோடு வந்தது. பாஞ்சோ அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களுடையது. சுரைக்குடுக்கைமேல் தோலைப் போர்த்தி, ஒரு கம்பைச் செருகி, அதில் ஒரு தந்தியை மட்டும் குட்டையாகக் கட்டும் அமைப்பு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. செனகல், காம்பியா பகுதியின் ஜோலா மக்கள் வாசிக்கும் 'அகோன்டிங்' அதன் உறவுக்கார வாத்தியம். கிடார் கடைசியாக வந்து சேர்ந்தது, பெரும்பாலும் தபால் வழி விற்பனைப் பட்டியல்களின் புண்ணியத்தில்.

1923இல் அட்லாண்டாவில் ஃபிட்லின் ஜான் கார்சனின் பிடில் இசைத்தட்டாகி விற்றுத் தீர்ந்தது. மலைக்காரர்களின் இசைக்குச் சந்தை உண்டு என்று கம்பெனிகளுக்கு அப்போதுதான் தெரிந்தது. 1927 கோடையில் டென்னசி எல்லை ஊரான பிரிஸ்டலில் கம்பெனி ஆட்கள் முகாமிட்டுப் பாடகர்களை வரவழைத்துப் பதிவு செய்தார்கள். வெள்ளையர் இசைக்கு ஒரு பட்டியல், கறுப்பினத்தவர் இசைக்கு வேறு பட்டியல் என்று பிரித்துத்தான் விற்றார்கள். கறுப்பினத்தவர் என்றால் புளூஸ் (அவர்களுடைய சோகம் தோய்ந்த பாட்டு வகை) பாட வேண்டும் என்று தீர்மானித்துவிட்டதால், அவர்களுடைய பிடில், பாஞ்சோ குழுக்கள் மிகக் குறைவாகவே பதிவாயின. அதனால்தான் இது வெள்ளையரின் மலை இசை என்ற எண்ணம் இன்றும் நிற்கிறது. வட கரோலினாவின் மெபேன் ஊரில் ஜோ தாம்ப்ஸன் (1918–2012) என்ற கறுப்பினப் பிடில் கலைஞர் கடைசிவரை வாசித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்க் கற்ற மூன்று இளைஞர்கள் 2005இல் 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' என்ற குழுவைத் தொடங்கினார்கள். பழைய தட்டின் கரகரப்பு பிடிக்காதவர்கள் அவர்களிலிருந்து தொடங்கலாம்.

புளூகிராஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது 1940களில் மேடைக்கென்றே உருவானது. ஒவ்வொருவராக முன்னால் வந்து வித்தையைக் காட்டிவிட்டுப் போவார்கள். ஓல்ட் டைமில் எல்லோரும் முதலிலிருந்து முடிவுவரை ஒன்றாகவே வாசிப்பார்கள். நடனத்துக்கான இசை இது. ஆடுகிறவர் கால் ஓயும்வரை மெட்டு சுற்றிக்கொண்டுதான் இருக்க வேண்டும். என் முதல்நாள் எரிச்சலுக்கு விடை இதுதான்: நான் ஆடாமல் உட்கார்ந்திருந்தேன்.

படி 2: ஒரே ஒரு மெட்டு, பத்து முறை

பட்டியல் போட்டு ஐம்பது மெட்டுகளைக் கேட்டால் ஐம்பதும் ஒன்றுபோலத்தான் ஒலிக்கும். ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'சோல்ஜர்ஸ் ஜாய்' நல்ல தொடக்கம். 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்திலேயே வழங்கிய மெட்டு அது, இன்றும் எந்த மலைக் கூடுகையிலும் கேட்கும்.

விரல்விட்டு எண்ணுங்கள். முதல் பகுதி ஒருமுறை வரும், அப்படியே மறுமுறையும் வரும். பிறகு இரண்டாம் பகுதி இரண்டு முறை. திரும்ப முதலிலிருந்து. பல்லவியும் அனுபல்லவியும் மட்டும் மாறி மாறி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று மேல் தந்திகளிலும் மற்றது கீழ்த் தந்திகளிலும் ஓடுவது வழக்கம். மேலே ஓடுவதை 'மெல்லியது' என்றும் கீழே ஓடுவதைத் 'தடித்தது' என்றும் பழைய பிடில்காரர்கள் சொல்வார்கள். எது எப்போது மாறுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிந்தால் இந்தப் படி முடிந்தது.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையதளத்தில் ஹென்றி ரீட் (1884–1968) என்ற வர்ஜீனியா முதியவர் வாசித்த பதிவுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. 1960களில் ஆலன் ஜப்பூர் என்ற ஆய்வாளர் அவர் வீட்டுக்குப் போய்ப் பதிந்தவை. பெரும்பாலும் பிடில் மட்டும்தான் என்பதால் மெட்டின் எலும்பு தெளிவாகத் தெரியும்.

படி 3: பிடிலை விட்டுவிட்டு மற்றதைக் கேளுங்கள்

காது முதலில் பிடிலுக்குத்தான் போகும். இழுத்துப் பிடித்துப் பாஞ்சோவுக்குக் கொண்டுவாருங்கள். வலக்கை விரல்கள் மேல்நோக்கி மீட்டுவதில்லை. நகத்தின் வெளிப்புறத்தால் கீழ்நோக்கி அடித்து, உடனே கட்டைவிரலால் அந்தக் குட்டை ஐந்தாம் தந்தியைச் சுண்டுவார்கள். 'தாம்… தக, தாம்… தக' என்று கேட்கும். 'க' விழும் இடத்தில் எப்போதும் ஒரே சுரம், மெட்டு எங்கே போனாலும் அது மாறாது. தம்பூராவுக்குப் பழகிய காதுக்கு இந்த வேலை உடனே புரியும்.

பிடிலிலும் இதே கதைதான். மாறாத சுரம் ஒன்று மெட்டோடு கூடவே ஒலிக்கட்டும் என்று, மலைக்காரர்கள் பல மெட்டுகளுக்குத் தந்திகளை மாற்றிச் சேர்ப்பார்கள். அதில் மிகப் பிரபலமானது, மேற்கத்தியச் சுரப் பெயரில், கீழிருந்து ஏ, இ, ஏ, இ. நம் சுரமாகச் சொன்னால் ச, ப, ச, ப. கர்நாடக வயலினின் சுருதி சேர்ப்பும் அதேதான். ஐரோப்பாவில் பிறந்த ஒரே வாத்தியம் இரண்டு திசையில் போயிருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் காலத்தில் சென்னைப் பக்கம் வந்தது காலில் ஊன்றி உட்கார்ந்துகொண்டது, அப்பலாச்சியாவுக்குப் போனது பலருடைய கையில் மோவாயைவிட்டு மார்புக்கு இறங்கியது. இரண்டு இடத்திலும் தந்திகளை ச-ப-ச-ப என்று சேர்த்துக்கொண்டார்கள். எனக்கு இந்தச் செய்தி ஒரு வாரம் தலைக்குள் சுற்றியது.

இந்தக் கட்டத்தில் டாமி ஜாரெலைக் (1901–1985) கேளுங்கள். வட கரோலினா நெடுஞ்சாலைத் துறையில் சாலையைச் சமன்செய்யும் வண்டி ஓட்டியவர். ஓய்வுபெற்ற பிறகு நாடெங்கிலுமிருந்து இளைஞர்கள் அவர் வீட்டைத் தேடி வந்து கற்றார்கள். பிடில், பாஞ்சோ இரண்டிலும் வல்லவர். அவருடைய பாஞ்சோவில் மெட்டுக் கட்டைகள் கிடையாது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு விரல் வழுக்கிப் போகும்.

படி 4: டின்னை எடுங்கள்

மலையில் வாத்தியம் வாங்கக் காசும் இல்லை, கடையும் பக்கத்தில் இல்லை. சுருட்டுப் பெட்டியில் பிடில், தகர டப்பாவில் பாஞ்சோ, துணி துவைக்கும் பலகையில் தாளம் என்று கையில் கிடைத்ததில் செய்துகொண்டார்கள். ஃபிராங்க் பிராஃபிட் (1913–1965) என்ற வட கரோலினாப் புகையிலை விவசாயி மரத்தில் கடைந்த பாஞ்சோக்கள் பிற்காலத்தில் புகழ்பெற்றன. தோலுக்கு, மலையில் வளை தோண்டி வாழும் கிரவுண்ட்ஹாக் விலங்கின் தோலைப் பலர் பயன்படுத்தினார்கள். பூனைத் தோலும் உண்டு. நமக்குப் பூனை வேண்டாம், தகரமே போதும்.

வேண்டியவை: சுமார் 19 செ.மீ. அகலமுள்ள வட்டமான பிஸ்கட் டின் (எல்லோர் வீட்டிலும் இருக்கும், திறந்தால் ஊசியும் நூலும் பொத்தானும்தான் இருக்கும்), 80 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 2.5 செ.மீ. தடிமனில் வளையாத மரச்சட்டம், கிடாரின் மிக மெல்லிய இரும்புத் தந்தி ஒன்று, கிடார் பிருடை (தந்தியை முறுக்கும் திருகு) ஒன்று, ஒரு திருகாணி, ஓர் ஆணி, பென்சில் துண்டு.

டின்னைக் கவிழ்த்து வையுங்கள். ஒலிக்கப்போவது அதன் அடிப்பாகம், மூடி பின்பக்கம். பக்கச் சுவரில், அடித்தகட்டுக்கு அரை செ.மீ. கீழே, எதிரெதிராக இரண்டு செவ்வகத் துளைகளைச் சட்டத்தின் அளவுக்கு வெட்டுங்கள். முதல் முறை நான் வீட்டுக் கத்தரிக்கோலை எடுத்தேன். கத்தரிக்கோலும் போயிற்று, சுட்டுவிரலும் கிழிந்தது. தகரம் வெட்டும் கத்தரி வாங்குங்கள், கையுறை போடுங்கள், வெட்டிய விளிம்பை அரம் வைத்துத் தேய்த்து மழுக்குங்கள்.

சட்டத்தைத் துளைகளில் செருகி, மறுபக்கம் 2.5 செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க விடுங்கள். அந்த வாலில் ஆணி அடித்துத் தந்தியின் ஒரு முனையை மாட்ட வேண்டும். டின்னுக்குள் இருக்கும் பகுதியில் சட்டத்தின் மேற்பரப்பு தகட்டைத் தொடவே கூடாது. என் முதல் வாத்தியம் தொட்டது. தந்தியைச் சுண்டினால் சுவரில் முட்டிய ஈ போல 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கழற்றி, அந்தப் பகுதியை மட்டும் ஐந்து மில்லிமீட்டர் உளியால் செதுக்கி இறக்கியதும் டின் வாய்திறந்தது.

பென்சில் துண்டுதான் குதிரை. அதைத் தகட்டின்மேல் வால் பக்க விளிம்பிலிருந்து 6 செ.மீ. தள்ளிக் குறுக்கே வையுங்கள். ஒட்ட வேண்டாம், தந்தியின் அழுத்தமே பிடித்துக்கொள்ளும். குதிரையிலிருந்து சரியாக 60 செ.மீ. தூரத்தில், சட்டத்தின் மறுமுனைக்கருகே, திருகாணியைக் குறுக்கே படுக்க வைத்து ஒட்டுங்கள். அதுதான் மேட்டு. அதற்கு அப்பால் பிருடையைப் பொருத்தித் தந்தியை முறுக்குங்கள். மெதுவாக முறுக்குங்கள், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

படி 5: கோடு போடுதல்

மேட்டிலிருந்து அளந்து சட்டத்தில் பேனாவால் கோடு போடுங்கள்: 6.5 செ.மீ. (ரி), 12.4 (க), 15 (ம), 20 (ப), 24.3 (த), 26.3 (நி), 30 (மேல் ச). தந்தியைத் தொடாமல் சுண்டினால் கீழ் ச.

இது மலை டல்சிமரின் கட்டை அமைப்பு. மடியில் வைத்து வாசிக்கும் அந்த வாத்தியத்தை, கென்டக்கியின் வைப்பர் ஊரில் பிறந்த ஜீன் ரிட்சி 20ஆம் நூற்றாண்டில் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். அதில் எல்லாச் சுரங்களும் இருக்காது, ஏழுதான். சங்கீதம் தெரிந்தவர்களுக்கு மேலே சொன்ன வரிசை ஹரிகாம்போதி என்று தெரிந்திருக்கும். 26.3க்குப் பதிலாக 28.2இல் நிஷாதக் கோட்டைப் போட்டால் சங்கராபரணம். மலை மெட்டுகளில் இரண்டும் உண்டு. ம, நி இரண்டையும் விட்டுவிட்டு மோகனத்தில் ஓடுகிறவையும் ஏராளம்.

சின்னக் கண்ணாடி மருந்துப் புட்டியால் தந்தியை, கோட்டுக்கு நேர் மேலே, அழுத்தாமல் தொடுங்கள். புட்டியால் வழுக்குவது மலைப் பழக்கமில்லை. அதை மிசிசிப்பிச் சமவெளியின் கறுப்பினச் சிறுவர்கள் சுவரில் ஒற்றைக் கம்பி கட்டி வாசித்த வாத்தியத்திலிருந்து கடன் வாங்கியிருக்கிறேன். தூய்மைவாதிகள் மன்னிக்க. தந்தி உயரமாக நிற்கும் இந்த அமைப்புக்கு விரலைவிட அதுதான் தோது.

வலக்கைக்கு: 'தாம்' என்ற இடத்தில் சுட்டுவிரல் நகத்தால் தந்தியைக் கீழ்நோக்கி அடியுங்கள். 'த'வில் உள்ளங்கை டின்னில் விழட்டும், 'க'வில் கட்டைவிரல் தந்தியைச் சுண்டட்டும். மூன்று நாள் கை சொல்பேச்சுக் கேட்காது. நான்காம் நாள் வேறெதையோ யோசித்துக்கொண்டிருக்கும்போது தானாக ஓடும்.

படி 6: ஆள் சேருங்கள்

வீட்டில் இன்னொருவர் இருந்தால் அவருக்கு ஒரு பேஸ் (அடித்தளச் சுரங்களைத் தரும் வாத்தியம்) செய்து கொடுங்கள். தகர அண்டாவைக் கவிழ்த்து, நடுவில் துளையிட்டு நைலான் கயிற்றை முடிச்சுப் போட்டு இழுத்து, மறுமுனையை விளக்குமாற்றுக் கம்பின் உச்சியில் கட்டுங்கள். கம்பின் அடி அண்டா விளிம்பில் நிற்க வேண்டும். கம்பைச் சாய்த்தால் கயிறு இறுகிச் சுரம் ஏறும், விட்டால் இறங்கும். அண்டாவின் ஒரு பக்கத்தைச் செங்கல்மேல் தூக்கி வைத்தால்தான் ஒலி வெளியே வரும். குழந்தை இருந்தால் இரண்டு ஸ்பூன்களை முதுகுக்கு முதுகு சேர்த்துப் பிடித்துத் தொடையில் தட்டச் சொல்லுங்கள்.

முதல் பகுதி இரண்டு முறை, இரண்டாம் பகுதி இரண்டு முறை. நிறுத்தாமல் சுற்றுங்கள். யாராவது தவறினால் அடுத்த சுற்றில் ஏறிக்கொள்ளலாம், பஸ் திரும்ப வரும். எப்போது நிறுத்துவது என்று கேட்பீர்கள். மலையில் அதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. வாசித்துக்கொண்டிருக்கும்போது வாயால் சொன்னால் யாருக்கும் கேட்காது, கையும் வேலையாக இருக்கும். அதனால் மெட்டை எடுத்தவர் கடைசிச் சுற்றில் ஒரு காலைத் தரையிலிருந்து தூக்கிக் காட்டுவார். எங்கள் வீட்டில் அண்டா வாசிக்கும் என் மகள் என் காலைப் பார்ப்பதே இல்லை. நான் காலைத் தூக்கியபடியே இன்னும் நான்கு சுற்று வாசிக்கிறேன்.