உபுண்டு அப்கிரேடுக்குப் பின் திரை உடைந்து தெரிகிறதா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

அப்கிரேடு முடிந்து குரோமைத் திறந்தால் எழுத்துகள் பாதி பாதியாகத் தெரிகின்றன, அல்லது விண்டோ முழுக்கக் கறுப்பு. பலரும் உடனே குரோமை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவார்கள். பெரும்பாலும் அதனால் பயன் இல்லை. மென்பொருள் போனாலும், ஹோம் ஃபோல்டரில் அது சேர்த்து வைத்தவை அப்படியே கிடக்கும். சிக்கல் அங்கே இருந்தால் புதிதாக நிறுவிய குரோமும் அதே உடைந்த எழுத்தைத்தான் காட்டும்.

2023-இல் உபுண்டு 22.04-இல் இதுதான் நடந்தது. இன்டெல், ஏஎம்டி கிராஃபிக்ஸை இயக்கும் டிரைவர் தொகுப்பான மெசாவுக்கு ஓர் அப்டேட் வந்தது. குரோமும் அதன் வகையறா உலாவிகளும் குழம்பிப்போயின. இந்த உலாவிகள் கிராஃபிக்ஸ் சிப்புக்காகத் தயாரித்த ஷேடர்களை (படம் வரையும் சிறு நிரல்களை) 'ஜிபியு கேச்' என்ற ஃபோல்டரில் சேமித்து, அடுத்த முறை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளும். டிரைவர் மாறினால் பழைய சேமிப்பைத் தூக்கிப் போட வேண்டும். மெசா மாறியதை உலாவி கவனிக்கவில்லை. பழையதையே புதிய டிரைவரிடம் கொடுத்தது. உலாவியை முழுவதும் மூடி, அந்த ஃபோல்டரை மட்டும் அழித்தால் போதும். ஆத்திரத்தில் புரொஃபைல் ஃபோல்டரையே அழித்தாலும் திரை சரியாகும்தான், ஆனால் புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் கூடவே போய்விடும். எலக்ட்ரான் என்ற கட்டமைப்பில் எழுதிய விஎஸ் கோட் போன்ற மென்பொருள்களுக்குள்ளும் இருப்பது குரோமின் அடித்தளமான குரோமியம்தான். அவற்றிலும் முதலில் இந்தக் கேச்சைப் பாருங்கள்.

வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை அணைக்கச் சொல்லும் யோசனை எங்கும் கிடைக்கும். சோதனைக்கு நல்லது: அணைத்ததும் சரியானால் டிரைவர் பக்கம் தேடலாம். அப்படியே விட்டுவிடக் கூடாது. வரையும் வேலை முழுக்க சிபியு தலையில் விழும். வீடியோ ஓடினாலே லேப்டாப் விசிறி இரையும்.

அடுத்த தவறு, திரையை யார் வரைகிறார்கள் என்று பார்க்காமலே மருந்து தேடுவது. அமைப்புகளில் சிஸ்டம் விவரங்கள் பகுதியைத் திறந்தால் கிராஃபிக்ஸ் என்ற வரி இருக்கும். அதில் கார்டின் பெயருக்குப் பதிலாக 'எல்எல்விஎம்பைப்' என்று இருந்தால், சிபியுதான் எல்லாவற்றையும் வரைந்துகொண்டிருக்கிறது. என்விடியா கார்டுகளில் புதிய கர்னலுக்கான (சிஸ்டத்தின் மையப் பகுதிக்கான) டிரைவர் மாட்யூல் ஏறாதபோது இப்படி ஆகலாம். கணினி தொடங்கும்போது கையொப்பங்களைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் இயங்கினால் கையொப்பமில்லாத மாட்யூலை கர்னல் உள்ளே விடாது. அதற்கான சாவியைப் பதியச் சொல்லி ரீபூட்டில் வரும் நீலத் திரையை என்னவோ ஏதோ என்று தாண்டிவிடுகிறவர்கள் நிறைய. அப்புறம் என்விடியா தளத்திலிருந்து இன்ஸ்டாலரை இறக்கி, உபுண்டு பேக்கேஜ்கள் மேலேயே ஓட்டுவார்கள். இரண்டும் மோதி, அடுத்த கர்னல் அப்டேட்டில் மறுபடியும் கறுப்புத் திரை வரலாம். 'கூடுதல் டிரைவர்கள்' கருவியே போதும். அதிலும் பெரிய எண்ணாகப் பார்த்து எடுக்காதீர்கள். கெப்லர் என்ற பழைய தலைமுறை என்விடியா கார்டுகளுக்கு 470 டிரைவர் வரிசையோடு ஆதரவு முடிந்துவிட்டது.

மினுக்கல் என்றாலே, விண்டோக்களைத் திரையில் காட்டும் புதிய முறையான வேலண்டைக் குறை சொல்வது பழகிவிட்டது. முன்பு அதில் நியாயம் இருந்தது. 2024-இல் என்விடியாவின் 555 டிரைவர் வரிசை, வரைந்து முடிந்த பிறகே படத்தைக் காட்ட வைக்கும் எக்ஸ்பிளிசிட் சிங்கைக் கொண்டுவந்த பிறகு, வேலண்டுக்கு முந்தைய எக்ஸ் (எக்ஸ்ஆர்க்) முறைக்கு எழுதிய பழைய மென்பொருள்களின் மினுக்கல் பெருமளவு அடங்கியது. உபுண்டு 24.10 முதல் என்விடியாவுக்கும் வேலண்டே இயல்புநிலை, 25.10-இல் உபுண்டுவின் எக்ஸ்ஆர்க் அமர்வையே எடுத்துவிட்டார்கள். ஆகவே என்றைக்கோ யாரோ சொன்னார்கள் என்று உள்நுழைவு அமைப்பில் எழுதிவைத்த 'வேலண்ட் வேண்டாம்' வரியும், மென்பொருள்கள் தொடங்கும்போது படிக்கும் சூழல் மாறிகளில் ஒட்டிய ஒட்டுவேலைகளும் இன்னும் தேவையா என்று பாருங்கள். அன்றைய மருந்து இன்றைய நோயாக இருக்கலாம். ஒவ்வொன்றாக எடுத்து, ஒவ்வொரு முறையும் வெளியேறி உள்நுழையுங்கள். நாலைந்தை ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

இவ்வளவுக்கும் முன்பு ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வேறு கருவியில் திறந்து பார்க்கலாம். உடைசல் படத்திலும் இருந்தால் மேலே சொன்னவற்றில் தேடுங்கள். படம் சுத்தமாக இருந்து கண்ணுக்கு மட்டும் கோடுகள் தெரிந்தால், முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு மானிட்டரின் ரெஃப்ரெஷ் ரேட்டைக் குறைத்துப் பாருங்கள்.