பள்ளிச் சேர்க்கைக் கணக்கு: கொங்கு மண்டலத்தில் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

“நம்மூரு பள்ளிக்கூடத்துல புள்ளைகளே இல்லீங்க, எல்லாம் வேன் ஏறிப் போயிருச்சுங்க.” காங்கேயம், தாராபுரம் பக்கம் யாரிடம் பேசினாலும் இதைக் கேட்கலாம். இது பாதி உண்மைதான். மீதிப் பாதி, பிள்ளைகள் பிறப்பதே குறைந்துபோனது. தமிழகத்தில் பிறப்பு விகிதம் முன்னதாகவே இறங்கிய வட்டாரங்களில் கொங்கும் ஒன்று. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி மாநிலம் முழுவதற்குமே ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தைதான்.

எனவே ஒன்றாம் வகுப்பில் ஆள் குறைந்தால், பழியைப் பள்ளிமீதோ தனியார்மீதோ போடுமுன் அந்த ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று பாருங்கள். அதற்குப் பிறப்புப் பதிவேட்டை நம்பாதீர்கள். பிறப்பு, நடந்த இடத்தில்தான் பதிவாகும். ஈரோட்டு மருத்துவமனையில் பிறந்த குழந்தை ஈரோட்டுக் கணக்கில் ஏறிவிடும். அங்கன்வாடிப் பதிவேடும் கிராம செவிலியரின் பட்டியலும் இதைவிட நம்பத்தக்கவை. மலையில் கதையே வேறு. வால்பாறை நகராட்சியில் 2001-இல் சுமார் 95,000 பேர் இருந்தார்கள். 2011-இல் சுமார் 71,000. எஸ்டேட்டை விட்டுக் குடும்பமே இறங்கிப் போன பிறகு பள்ளி மட்டும் எப்படி நிறையும்?

மாவட்டக் கணக்கை எடுத்து வரைபடம் போடுபவர்கள் விழும் பள்ளம் ஒன்று உண்டு. 2009-இல் கோவை, ஈரோடு மாவட்டங்களைப் பிரித்துத் திருப்பூர் மாவட்டம் உருவானது. அந்த ஆண்டில் கோவையின் சேர்க்கை செங்குத்தாக விழுந்ததுபோல் தெரியும். ஒரு பிள்ளைகூடப் பள்ளியை விட்டிருக்காது. உடுமலையும் பல்லடமும் வேறு பெயரில் எண்ணப்பட்டன, அவ்வளவுதான். நாமக்கல் (1997), ஈரோடு (1979) பிரிந்த ஆண்டுகளிலும் இதே சிக்கல் உண்டு. நீண்ட காலப் போக்கு வேண்டுமென்றால் ஒன்றியவாரியாகக் கூட்டிப் பாருங்கள்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது ஆசிரியர் மாணவர் விகிதத்தை வகுப்பின் அளவாகப் படிப்பது. 24 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள் உள்ள ஒன்றியத் தொடக்கப் பள்ளியை எடுத்துக்கொள்வோம். விகிதம் 12. காகிதத்தில் பார்த்தால் பணக்கார நாட்டுப் பள்ளி. நடப்பில் ஒருவர் ஒன்று முதல் மூன்றுவரை ஒரே அறையில் வைத்துப் பார்ப்பார். மற்றவருக்கு நான்கும் ஐந்தும், கூடவே தலைமையாசிரியர் வேலை, எமிஸ் (மாநிலக் கல்வித் துறையின் இணையப் பதிவேடு) பதிவேற்றம், காலை உணவுக் கணக்கு. ஒருவர் பயிற்சிக்குப் போனால் ஐந்து வகுப்பும் ஒரே ஆளிடம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று என்று படிக்கட்டாகப் போகிறது. 60-இல் விகிதம் 30. ஒரு பிள்ளை கூடினால் 20 ஆகிவிடும். ஆகஸ்ட் 1 எண்ணிக்கையை வைத்துப் பணியிடம் நிர்ணயிக்கும்போது அந்த ஒரு பிள்ளைக்காகத் தலைமையாசிரியர் வீடுவீடாக நடப்பது இதனால்தான்.

சராசரியும் இப்படித்தான் ஏமாற்றும். ஒரு வகுப்பில் 10 பேர், இன்னொன்றில் 50 பேர் என்றால் சராசரி 30. ஆனால் அந்த 60 பிள்ளைகளில் 50 பேர் நெரிசலில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளையையும் “உன் வகுப்பில் எத்தனை பேர்?” என்று கேட்டுச் சராசரி எடுத்தால் 43 வரும். மூலனூர்ப் பக்கத்துக் கிராமப் பள்ளிகளையும் திருப்பூர் மாநகரப் பள்ளிகளையும் ஒரே மாவட்டச் சராசரியில் கலக்கும்போது நடப்பது இதுவே. பனியன் கம்பெனிகளை நம்பி பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் நகரில்தான் சேர்கிறார்கள். மொத்தச் சேர்க்கை விகிதம் என்பது பள்ளியில் சேர்ந்தவர்களை அந்த வயதுப் பிள்ளைகளின் எண்ணிக்கையால் வகுத்து, நூற்றுக்கு எத்தனை என்று சொல்வது. அந்த வகுக்கும் எண்ணோ 2011 கணக்கெடுப்பை வைத்து முன்கணித்தது. எனவே திருப்பூரில் அது 100-ஐத் தாண்டினாலும் எல்லாப் பிள்ளைகளும் பள்ளியில் இருக்கிறார்கள் என்று ஆகாது. வயது கூடியவர்களும் குறைந்தவர்களும்கூட அதில் அடக்கம்.

தொடக்க ஆண்டையும் கவனியுங்கள். கொரோனா நேரத்தில் கட்டணம் கட்ட முடியாமல் பலர் அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். 2021-22-இலிருந்து கோடு போட்டால் அரசுப் பள்ளி சரிந்ததாகவே தெரியும். 2022-23 முதல் மத்திய அரசின் பள்ளித் தரவுத்தளமான யுடைஸ் பிளஸ் ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியாகப் பதிகிறது. இரட்டைப் பதிவுகள் கழிந்ததால் குறைந்த எண்ணிக்கையை, படிப்பை நிறுத்தியவர்கள் என்று எழுதிவிடக் கூடாது.

அரசுத் தொடக்கப் பள்ளியைத் தனியார் நர்சரி பிரைமரி பள்ளியோடு ஒப்பிடும்போது எல்கேஜி, யுகேஜியைக் கழித்துவிடுங்கள். “சேர்க்கை 50 விழுக்காடு உயர்வு” என்று ஊர் முகப்பில் பிளக்ஸ் கண்டால், எட்டு பேர் பன்னிரண்டு ஆனார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.