பேயும் போலீஸும்: அமானுஷ்யத் துப்பறியும் நாவலை எழுதத் தொடங்குவது எப்படி?

இந்த வகை நாவலில் போலீஸுக்குச் சட்டம் இருக்கிற மாதிரி பேய்க்கும் சட்டம் இருக்க வேண்டும். பேய் எதையும் செய்யும் என்று விட்டுவிட்டால் துப்பறிய ஒன்றும் மிஞ்சாது. கதைக்களம் தமிழ்நாடு என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

படி 1: பேயின் சட்டத்தை முதலில் எழுதுங்கள்

ஒரே தாளில் ஐந்து பதில்கள்: அதற்கு என்ன வேண்டும், எங்கே நுழைய முடியாது, எது அதைத் தடுக்கும், என்ன தடயம் விடும், யார் உதவியில்லாமல் அதனால் கொல்ல முடியாது.

கடைசிக் கேள்விதான் உயிர்நாடி. திருவாலங்காட்டுப் பக்கத்துப் பழையனூர் நீலி கதையைப் பாருங்கள். வணிகன் கையில் கத்தி இருக்கும்வரை நீலியால் நெருங்க முடியவில்லை. அவன் மனைவிபோல வேடமிட்டு, கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபையில் வழக்குப் பேசுகிறாள். கத்தியை வாங்கி வைத்துவிட்டு அவனை அவளோடு தங்க அனுப்பியது சபைதான். அவன் உயிருக்குப் பிணை நின்ற வேளாளர் 70 பேரும், விடிந்ததும் அவன் பிணத்தைப் பார்த்துவிட்டுத் தீயில் இறங்கினார்கள். கொன்றது பேய், வழிவிட்டவர்கள் மனிதர்கள். உங்கள் இன்ஸ்பெக்டர் தேட வேண்டியது கத்தியை வாங்கி வைத்த அந்தக் கையைத்தான்.

படி 2: வழக்கைச் சரியான பிரிவில் பதியுங்கள்

கதை நடக்கும் தேதியை முடிவு செய்யுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன்பு என்றால் சந்தேக மரணத்துக்கு சி.ஆர்.பி.சி. (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 174, கொலைக்கு ஐ.பி.சி. (பழைய இந்திய தண்டனைச் சட்டம்) 302. அதற்குப் பின்பு என்றால் அவற்றுக்குப் பதிலாக வந்த புதிய சட்டங்களான பி.என்.எஸ்.எஸ். 194, பி.என்.எஸ். 103. புதிதாக எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

பிரேத விசாரணையின்போது அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேராவது உடன் இருக்க வேண்டும். இதை வீணாக்காதீர்கள். இப்படிப் பஞ்சாயத்தாராக (விசாரணைச் சாட்சியாக) நிற்கும் ஒருவர் கையெழுத்துப் போடுவார், ஆனால் பிணத்தின் கால்பக்கம் வரமாட்டார். ஊருக்கு என்ன தெரியும் என்பதை அந்த ஒரு தயக்கமே சொல்லிவிடும். இரண்டு பக்க வசனம் மிச்சம். இறந்தவர் திருமணமாகி ஏழு ஆண்டுக்குள் உள்ள பெண் என்றால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணையும் வரும்.

படி 3: உடலில் ஒரே ஒரு முரண்

இறந்தபின் ரத்தம் உடலின் தாழ்ந்த பக்கம் இறங்கிக் கருஞ்சிவப்புத் திட்டாகத் தேங்கும். சுமார் 6 முதல் 12 மணி நேரத்தில் அது நிலைத்துவிடும். தூக்கில் தொங்கியவருக்குக் கால்களிலும் முன்கைகளிலும் திட்டு இருக்க வேண்டும். முதுகில் மட்டும் இருந்தால் அவர் மல்லாந்து கிடந்து இறந்து, பல மணி நேரம் கழித்துத் தூக்கப்பட்டிருக்கிறார். தூக்கியது யார்? உங்கள் மர்மம் இந்தக் கேள்விதான். கண்ணில் ரத்தம், சுவரில் கீறல், கருகிய உள்ளங்கை என்று இதன்மேல் அடுக்கினால் எதுவுமே துப்பாக நிற்காது.

உள்ளுறுப்புகளைத் தடயவியல் ஆய்வகத்துக்கு அனுப்பும்போது பொதுவாகச் செறிந்த உப்புக் கரைசலில்தான் இடுவார்கள். கண்ணேறு கழிக்க நாம் சுற்றிப் போடுவதும் அதே உப்பு. உங்கள் பேய்க்கு உப்பு ஆகாது என்று முதல் படியிலேயே எழுதி வைத்திருந்தால், சீல் வைத்த அந்த ஜாடி மட்டும் அதன் கைக்கு எட்டாத சாட்சியாகிவிடும்.

படி 4: பேய் சொன்னதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவது

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் செல்லாது. ஆனால் காவலில் உள்ள குற்றம் சாட்டப்பட்டவர் தந்த தகவலால் ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு தொடர்புள்ள பகுதி மட்டும் செல்லும் (பழைய சாட்சியச் சட்டம் 27, இப்போது புதிய சாட்சியச் சட்டமான பி.எஸ்.ஏ. 23). இந்த வகை நாவலுக்கென்றே எழுதியதுபோல ஒரு விதி! சாமியாடும் குரலில் கைதி சொல்கிறான், “அருவா பாழுங்கெணத்துல கெடக்கு.” சாட்சிகள் முன்னால் அரிவாள் எடுக்கப்படுகிறது, மகஜர் (பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவு) எழுதப்படுகிறது. பேசியது அவனா, அவனுக்குள் இருப்பதா என்று மகஜரில் எந்தக் கட்டமும் கேட்காது.

கைதியை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும், பயண நேரம் நீங்கலாக. பேய் அமாவாசை இரவில்தான் பேசும் என்றால் கைது செய்யும் நேரமே ஒரு சூதாட்டம். பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேதி போடுங்கள்.

படி 5: அத்தியாயக் கணக்கு

தலா 2,000 சொல் வீதம் 30 அத்தியாயம், 60,000 சொல். முதல் நாவலுக்குப் போதும். பேயின் சட்டம் முழுவதும் பத்தாவது அத்தியாயத்துக்குள் வாசகருக்குத் தெரிந்தாக வேண்டும். இருபத்தைந்தில் புது சக்தி முளைத்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார், அதில் நியாயமும் உண்டு. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் விளக்கும் பூசாரியைத் தவிருங்கள். அவருக்குத் தெரிந்ததை மூன்று நான்கு பேரிடம் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுங்கள், அதில் ஒரு துண்டு தவறாகவே இருக்கட்டும்.

பேயை விரட்டியதோடு வழக்கு முடியாது. கைதி சிறையில் இருந்தால் கொலை வழக்கில் 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போக வேண்டும், இல்லாவிட்டால் அவனுக்கு ஜாமீன் உரிமை வந்துவிடும். ஆகவே கடைசி அத்தியாயத்தை எழுதும் முன் அந்தக் குற்றப்பத்திரிகையை நீங்களே ஒரு பக்கத்துக்கு எழுதிப் பாருங்கள்: எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) பெயர், நோக்கம், சாட்சிகள், கைப்பற்றிய பொருட்கள். பேய் என்ற சொல் வராமல் அது நிற்கவில்லை என்றால், திரும்பிப் போய்ச் சரிசெய்ய வேண்டியது முதல் படியின் ஐந்தாவது பதிலை.